நீலாம்பாள் பக்கத்தில் உட்கார ஆளில்லை

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கூலித் தறியில் ஆரம்பித்து, பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறிகள் போட்டவன். ஆள் பார்த்து வேலை கொடுப்பதில் என் கண் தப்பாது. நீலாம்பாள் விஷயத்திலும் தப்பவில்லை.

கரையையும் உடலையும் தனித்தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஆண். பக்கத்தில் உட்கார்ந்து எதிர்க்கரைக்கு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது அவர் பெண்டாட்டி. என் தறியில் உமாபதியும் நீலாம்பாளும் அப்படித்தான் இருந்தார்கள். கல்யாணப் புடவை பாதியில் நிற்க, உமாபதி வாலாஜாபாத் அரிசி ஆலை வேலைக்குப் போய்விட்டான்.

நீலாம்பாள் அழவில்லை.

"நான் குழியில உக்காந்து நெய்றேன் மாமா. கரைக்கு ஒரு ஆள் குடுங்க, போதும்."

நெய்து காட்டினாள். உமாபதியைவிட அடி சீராக விழுந்தது. தறி உனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

ஆள்தான் கிடைக்கவில்லை. தெருப் பெண்கள் எல்லாம் விடிந்தால் செல்போன் கம்பெனி வேனில் ஏறிவிடுகிறார்கள். சும்மா இருந்த என் தம்பி மகன் சிவபாலனைக் கூப்பிட்டேன்.

"பொம்பள நெய்வா, நான் பக்கத்துல நாடா தள்ளணுமா? தெருவுல தல காட்ட முடியுமா பெரியப்பா?"

"தெனம் டீக்கடையில காட்டிக்கினுதானே கீற!"

அவன் வரவில்லை. எவனும் வரவில்லை. கடைசியில் நானே உட்கார்ந்தேன். வாசலில் நின்று சிரித்தவர்களை விரட்டினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

"மாமா, தூங்கிட்டீங்களா? நாடா வரல."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தறி பாத்தவன்மா நான்!"

"பாத்தீங்க, சரி. இப்ப தள்ளுங்க."

புடவை முகூர்த்தத்துக்குள் முடிந்தது. கல்யாண வீட்டார் கரையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நான் அடுத்த புடவைக்குப் பாவு நூலைத் தறியில் ஏற்றினேன். என் இடுப்பு நிமிரவில்லை. வேறு ஆளும் வரவில்லை. நீலாம்பாள் எவ்வளவு நாள்தான் காத்திருப்பாள்?

"நானும் வேனுக்குப் பேர் குடுத்துட்டேன் மாமா."

"நெசவு தெரிஞ்ச கைம்மா இது! அங்க போய் செல்போனுக்கு மூடி மாட்டப் போறியா?"

"அங்க பொம்பளைங்க பக்கத்துல ஆம்பளைங்களும் உக்காந்து வேல செய்றாங்க. யாருக்கும் மானம் போவல."

போய்விட்டாள். மறுநாளே சிவபாலன் வந்து நிற்கிறான்.

"தறி சும்மாதானே இருக்குது. நான் நெய்யட்டுமா பெரியப்பா?"

"பக்கத்துல யாருடா?"

"எங்கூட்டுக்காரிய உக்கார வெச்சிக்கிறேன்."

துரத்திவிட்டேன். பாவு ஏற்றியபடியே தறி கிடக்கிறது.