செம்பு அண்டாத் தண்ணீரில் மூன்று தங்கமீன்கள்

மீன்கள் வந்து இறங்கிய அன்று ஆபீஸ் அறையில் முதலாளி இருந்தார், முதலாளியம்மா இருந்தார், லேபிளுக்குப் படம் வரைகிறவர் இருந்தார், நானும் இருந்தேன். மீன்களை அனுப்பிய வடக்கத்தி சேட் மட்டும் இல்லை. அவருடைய ஆள் மெட்ராஸிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியையும், தகர டின்னில் மூன்று தங்கமீன்களையும் ரயிலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, சேட் சொன்னதை ஒப்பித்தான். புதுப் பூச்சட்டி மத்தாப்புப் பெட்டிக்கு இந்த மீன்களைப் பார்த்துத்தான் லேபிள் வரைய வேண்டும். ஆடி முடிவதற்குள் சேட் நேரில் வருவார். மீனையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர். மீன் செத்துப்போனால் சகுனம் சரியில்லை, ஆர்டர் வேறு கம்பெனிக்கு.

எங்களுடையது சின்னப் பட்டாசுக் கம்பெனி. அந்த ஆர்டர் வந்தால் எம். புதுப்பட்டி ஷெட்டில் சீசன் முழுக்க எல்லோருக்கும் வேலை. வராவிட்டால் பாதிப் பேர் வீட்டில். என் அக்காமார் இரண்டு பேரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் கம்பெனியில் ரேடியோ கரகரத்தாலும், இந்தியில் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மீனும் அப்படித்தான் என் தலையில் வந்து விழுந்தது.

"நீதானலே படிச்சவன், பாத்துக்கோ" என்றார் முதலாளி.

தொட்டிக்கு எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் பேச்சு. முதலாளி வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அந்த வீட்டுக் கிணறு உப்பு. அதில் பருப்பு வேகாது. வண்டியில் வரும் நல்ல தண்ணீரைச் செம்பு அண்டாவில் ஊற்றி மூடி வைத்திருப்பார்கள். குடிக்கவும், விருந்தாளிக்குக் கொடுக்கவும் மட்டும்தான் அது.

"அம்புட்டுத் தூரம் ரயில்ல வந்ததுக்கு உப்புத் தண்ணியா ஊத்துறது? சேட்டு கேட்டா நம்ம மானம் என்னாகும்?" என்று முதலாளியம்மாவே அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றினார்.

இரண்டொரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆளைக் கண்டதும் பசியென்று சொல்கிறதாம். வருகிறவர் போகிறவரெல்லாம் பொரி போட்டார்கள். நானும் போட்டேன்.

ஆனால் பொரி அப்படியே ஊறி மிதந்தது. பசிக்கிற பிராணி சோற்றைத் தொடாமலா இருக்கும்? கதவுக்குப் பின்னால் நின்று, ஆள் இல்லாதபோது என்ன செய்கின்றன என்று பார்த்தேன். அப்போதும் வாயைத் திறந்துகொண்டு மேலேதான் நின்றன. செவுள் வேகவேகமாக அடித்தது. வந்தபோது விசிறி மாதிரி விரிந்திருந்த வால், மடக்கிய குடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒன்று கண்ணாடியில் விலாவை உரசிக்கொண்டே இருந்தது.

"முதலாளி, இதுக பசியில மேல வரல. மூச்சு முட்டித்தான் வருதுக."

படம் வரைகிறவர் தூரிகையை நிறுத்தினார். "தம்பி, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரும்வே. இன்னும் வால் பாக்கி இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் அண்டாவைப் புளி போட்டுப் பளபளவென்று விளக்கி, புதுத் தண்ணீர் நிரப்பினார்கள். மீனுக்கும் வெள்ளிக்கிழமைதானே என்று தொட்டித் தண்ணீரையும் அதிலிருந்தே மாற்றினார்கள். மத்தியானத்துக்குள் ஒரு மீன் சாய்ந்துவிட்டது.

புதுசாக விளக்கின அண்டா, புதுத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் இப்படி. தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். செம்பு வாடை. எங்கள் அம்மா மோரைச் செம்பில் ஊற்றவே விடமாட்டார், களிம்பு ஏறும் என்பார். நமக்குத் தெரியாத அளவு களிம்பு, விரல் நீள மீனுக்குப் போதாதா?

இதை முதலாளியம்மாவிடம் சொல்ல வேண்டுமே! மென்று விழுங்கித்தான் சொன்னேன்.

"என்னது, எங்க அண்டாவுல விசமா? இருவது வருசமா நாங்களும் அதத்தான் குடிக்கோம். செத்தா போயிட்டோம்?"

"நீங்க அதுக்குள்ளேயே குடியிருக்கலியே, அம்மா."

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். அம்மா விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார். நான் சந்தைக்கு ஓடி ஒரு மண்தொட்டி வாங்கி வந்து, யாரும் வாயில் வைக்காத கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, மீதி இரண்டையும் அதில் விட்டேன். சாய்ந்தது பிழைக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டும் அடியில் துழாவிக்கொண்டு திரிந்தன. வால் விரிந்திருந்தது. கிள்ளிப் போட்ட இட்லியை ஒன்று மற்றதிடமிருந்து பிடுங்கித் தின்றது. படம் வரைகிறவர் தூரிகையை எடுத்தார்.

சேட் வந்தார். மண்தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மூணாவது எங்கே?"

முதலாளி என்னைப் பார்த்தார். பொய் வாயில் வரவில்லை. செம்பையும் புளியையும் மூச்சுப் பிடித்துச் சொல்லி முடித்தேன். அக்காமார் முகம்தான் கண் முன்னால் நின்றது.

சேட் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அரே, நம்ம வீட்டிலே வாங்கின மீன் எல்லாம் செத்துப் போச்சு. ஒண்ணாவது பிழைக்கும்னுதான் மூணு அனுப்பினேன். இங்கே ரெண்டு இருக்கு! நல்ல சகுனம்!" அங்கேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளியம்மாவின் கோபம் மட்டும் ஆறவில்லை. அண்டாவைக் குற்றம் சொன்ன வீட்டில் இனி அதில் தண்ணீர் பிடிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடைசியில் முதலாளி மதுரைக்கு ஆள் அனுப்பி எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. குடம் பதினெட்டு ரூபாய், மண்தொட்டி ஒன்றேகால். மீனுக்கு ஆன செலவு, ஆக மொத்தம் பத்தொன்பதேகால் ரூபாய்.