சிவப்புப் பயறு அவிந்த மாதங்கள்

வெள்ளைத் துவாயால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, சைக்கிளின் முன்கூடையில் வைத்துக் கொண்டுவந்த அந்த எனாமல் பானை இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மூடி ஒருபக்கம் விலகி, உள்ளே இருந்த சிவப்புத் தண்ணீர் கசிந்து துவாயில் ஊறியிருந்தது. வைகாசி மாதம்தான், ஆனால் காற்று குளிர். பானையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு என் வாசலில் நின்றவர், என்னோடு வேலை செய்த சீனத்து அக்கா. ஊரில் சண்டை முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சியில் சொன்ன கிழமை அது. டென்மார்க்கில், புரொண்பியில், என் வீட்டு முன்னறைக்குள் பெண்கள் நிறைந்து இருந்தார்கள். ஆரோ தொலைக்காட்சியை நிறுத்திவிட்டிருந்தார்கள். என்னைக் கேட்டு நிறுத்தவில்லை.

சீனத்து அக்காவை அப்படிக் கூப்பிட்டாலும் அவர் சீனாவைக் கண்டதில்லை. வியட்நாமில் பிறந்து வளர்ந்த சீனக் குடும்பம். நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற ஒரு சலவைத் தொழிற்சாலையில் நின்றோம். தோய்ந்து வருகிற படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து, உதறி, சூடான உருளைக்குள் விடுவதுதான் எங்கள் வேலை. நாள் முழுக்க எதிரெதிரே நின்று ஒரே துணியைப் பிடித்துக்கொண்டிருந்தால், எதிரே நிற்கிறவரின் உடம்பு நமக்குத் தெரிந்துவிடும். அவருக்குக் கால் நோகிறதென்றால் துணியின் இழுவையிலேயே எனக்குத் தெரியும். எங்கள் இருவருடைய டேனிஷும் அரைகுறை. ஆனாலும் இரண்டு அரைகுறைகள் ஒன்றையொன்று நன்றாக விளங்கிக்கொள்ளும். நான் அவரை 'அக்கா' என்று தமிழிலேயே கூப்பிட்டேன். அதைக் கேட்டு, தங்கைக்கு என்ன சொல்வது என்று விசாரித்து, என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடத் தொடங்கினார். அவருடைய கதையை ஒரேயொரு முறைதான் சொன்னார். மடியில் மகளோடு படகில் ஏறியது, புருஷன் அடுத்த படகில் வருவதாகக் கரையில் நின்று கை காட்டியது, அடுத்த படகில் அவர் வராதது. அதற்குப் பிறகு உயிரோ சாவோ ஒரு சேதியும் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்து உதறினார்.

எனக்கு வன்னியில் ஒரு தம்பி இருந்தான். அம்மா நேரத்தோடு போய்விட்டா. தம்பிக்குச் சோறு தீத்தி வளர்த்தது நான்தான். அதனால் பள்ளிக்கூடத்தையும் இடையில் விட்டேன், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கடைசியாக அவன் எடுத்த தொலைபேசியில், "அக்கா, கனக்கக் கதைக்கேலாது. ஆக்கள் வரிசையிலை நிக்கினம். நாங்கள் சுகம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றான். பின்னால் ஒரு குழந்தை அழுதது. அவனுடைய பிள்ளையோ, வேறு ஆருடையதோ தெரியாது. அதன் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. நான் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. வீட்டில் இருந்தால் அந்தத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். அதைவிட உருளையின் சூடு நல்லது.

அந்தக் கிழமைதான் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் என் மச்சாள், செத்துப்போன என் புருஷனின் மூத்த சகோதரி. அடுத்த கட்டிடத்தில் இருந்தவர், நாங்கள் ஒருவரையொருவர் 'மச்சாள்' என்றே கூப்பிடுவோம். எனக்கு நல்லதைத் தவிர வேறொன்றும் நினையாதவர், அதனாலேயே அவரோடு சண்டை பிடிப்பது கடினம். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, எல்லாம் மரக்கறி. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

"அடுப்பை மூட்டாதையுங்கோ மச்சாள். நாங்கள் எல்லாம் கொண்டுவந்திருக்கிறம்."

"என்ரை வீட்டிலை ஆர் செத்தது, அடுப்பை மூட்டாமல் விட?"

அவர் என் கையைப் பிடித்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களின் வழக்கம் இது. சாவு நடந்த வீட்டில் அடுப்பு எரியாது, சுற்றம் சமைத்துக் கொண்டுவரும். பிழையான வழக்கம் என்று நான் சொல்லவில்லை. நானே எத்தனையோ வீடுகளுக்குச் சட்டி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அந்தச் சோற்றில் ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தால், என் தம்பி செத்துவிட்டான் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். அதனால் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தேன். அவர்களுக்கு அது துக்கமாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பானை வந்தது. கயிற்றை அவிழ்த்ததும் இனிப்பு வாசம். மச்சாள் எட்டிப் பார்த்தார்.

"என்னது அது?"

"இனிப்புக் கஞ்சியாம்."

"இந்த நேரத்திலை இனிப்போ. அந்த மனிசிக்கு விசரே?"

எனக்கும் கோபம்தான் வந்தது. வாசலிலேயே மறித்து, இது இப்போது இனிப்புச் சாப்பிடுகிற வீடு இல்லை, அக்கா என்று எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"தம்பி செத்திட்டான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"பின்னை என்ன. இது சிவப்பு. எங்கடை ஆக்கள் செத்த வீட்டுக்குச் சிவப்பைக் கொண்டு போறேல்லை. அவன் செத்திருந்தால் நான் இதைக் காய்ச்சியிருக்க மாட்டன்."

நேரே குசினிக்குள் போய், என் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்து ஊற்றினார். வீட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைச் சாவீட்டுக்காரியாகப் பார்த்த நேரத்தில், அப்படிப் பார்க்காத ஒரே ஆள் அவர். நான் கோப்பையை வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போதுதான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. மற்றப் பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மச்சாள் மட்டும், மரியாதைக்கு என்று ஒரு வாய் வைத்தார்.

"பாலும் இல்லை, ஏலக்காயும் இல்லை. வருத்தக்காரருக்குக் குடுக்கிற தண்ணி மாதிரிக் கிடக்கு" என்றார். ஆனாலும் கோப்பையை மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் காய்ச்சத் தொடங்கினேன். கோப்பன்ஹேகனில் சீனக் கடையில் அந்தப் பயறு இருக்கும். எங்கள் கௌபிப் பயறிலும் சின்னது, நல்ல கடுஞ்சிவப்பு. முதல் தடவை என் கை சும்மா இருக்கவில்லை. பயறு அவிந்ததும் தேங்காய்ப் பாலை விட்டேன், ஏலக்காயைத் தட்டிப் போட்டேன், கஜுப் பருப்பை நெய்யில் பொரித்துக் கொட்டினேன். சீனத்து அக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல ருசி. ஆனால் இது விருந்து. நாங்கள் விருந்து வைக்கேல்லை, தங்கச்சி. காத்துக்கொண்டிருக்கிறம்."

காத்திருக்கிறவர்களின் சாப்பாட்டை அவர்தான் காட்டித் தந்தார். முதல் நாளே பயறை ஊறப்போட வேண்டும். காய்ந்த தோடம்பழத் தோலில், ஆரஞ்சுத் தோல்தான், ஒரு துண்டை நனைத்து, உள்ளே இருக்கிற வெள்ளையைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். அடுப்பைத் தணித்து வைத்து, பயறு தானாக வெடித்துத் தண்ணீர் தடிக்கும்வரை விட வேண்டும். கற்கண்டு கடைசியில்தான். முந்திப் போட்டால் பயறு இறுகிவிடும், பிறகு எவ்வளவு அவித்தாலும் தோல் மெதுமையாகாது. அவசரக்காரர் சமைக்கிற சாப்பாடு இல்லை அது. பானைக்குப் பக்கத்தில் இருவரும் கதிரை போட்டு இருப்போம், கனக்கக் கதைக்கமாட்டோம். இந்த நாட்டுக் கோடையில் பொழுது லேசில் படுவதில்லை. வெளிச்சம் நின்றபடியே நிற்கும். எத்தனை மணியானாலும் பகல் முடிந்த மாதிரி இராது. அந்த வருஷக் கோடையின் களைப்பை வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழுதால் களைப்பு ஆறும் என்பார்கள். அழுவதற்கும் ஒரு காரணம் கையில் வரவேண்டுமே.

மச்சாள் விடவில்லை. சண்டைக்குப் பிறகு சனத்தை அடைத்து வைத்த முகாம்களுக்குள் இருந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தபோதும், தம்பியின் பெயரும் இல்லை, அவன் பெண்சாதியின் பெயரும் இல்லை.

"முப்பத்தொண்டாம் நாள் கிரியையைச் செய்வம் மச்சாள். செய்யாட்டில் அந்த ஆத்மா அலைஞ்சு திரியுமெல்லே. ஐயரிட்டை நான் கதைக்கிறன்."

"அலையட்டும். அலைஞ்சு இங்கை வரட்டும். வந்தால் நான் சாப்பாடு குடுக்கிறன்."

"இப்பிடிப் பிடிவாதம் பிடிச்சு என்ன காணப்போறியள்?"

நான் எழும்பிப் போய்ப் பயறைக் கழுவினேன்.

இலை உதிர்கிற காலத்தில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. தம்பியின் பெண்சாதி, முகாமிலிருந்து ஆரோ ஒருவருடைய தொலைபேசியில். அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் குரல் அது. கஞ்சி வாங்கப் போனவராம். கஞ்சிக்கு நின்ற வரிசையில்தான் ஷெல் விழுந்ததாம். அவர்கள் இருந்த பங்கருக்குள்ளேயே அவனைக் கிடத்தி, கையால் மண்ணைத் தள்ளி மூடினாளாம். "நானே மூடினனான்" என்று இரண்டாம் தடவையும் சொன்னாள். பிள்ளைகள் இருவரும் அவளோடு இருக்கிறார்கள் என்றாள். நான் "ஓம்" என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றேன். தொலைபேசியை வைத்தபோது, ஊறப்போட்ட பயறு மேசையில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். இப்போது சோறு கொண்டு வாருங்கள் என்றேன். அவர் அழுதுகொண்டே வந்தார். அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன்.

சீனத்து அக்காவுக்கும் சொல்லியனுப்பினேன், பின்னேரம் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கையில் ஒன்றும் இல்லை. பெண்களுக்கு நடுவில் என் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு குனிந்து, என் காதோடு சொன்னார்.

"இனி நீ களைப்பாறலாம், தங்கச்சி."

உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதும் அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல இருந்தது. செத்தவனைப் பற்றிச் சொல்லுகிற கதையா இது. திரும்பி முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் இருந்தது ஆறுதல் இல்லை, பொறாமை. எங்கே, எப்படி, ஆர் கையால் மூடியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் தெரியாது. எழும்பிப் போகும்போது குசினியில் இருந்த பயறைக் கண்டார். தண்ணீரை வடித்து ஒரு பையில் போட்டுக் கட்டினார்.

"இது உனக்கு இனித் தேவையில்லை. எனக்கு வேணும்" என்றார். சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று அவர் வயதானவர்களுக்கான விடுதி ஒன்றில் ஓர் அறையும் சின்னக் குசினியுமாக இருக்கிறார். விரல்கள் மடங்குவதில்லை, கரண்டி பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலெடுத்துப் போய்க் காய்ச்சிக் கொடுக்கிறேன். எனக்கும் முழங்கால் சரியில்லை, படிகளில் ஏறி முடிவதற்குள் மூச்சு வாங்குகிறது. போன மாதம் அவருடைய மகள் என்னை வெளியே கூப்பிட்டு, டேனிஷில் சொன்னாள். "அப்பா உயிரோடை இருந்தாலும் இப்ப தொண்ணூறு வயசு தாண்டியிருக்கும். நீங்கள் சொன்னால் அம்மா கேப்பா. காத்திருந்தது போதும் எண்டு சொல்லுங்கோ."

நல்ல பிள்ளை அவள். தாய்க்குக் களைப்பு என்பது அவளுக்குத் தெரிகிறது. ஆனால் எனக்குப் 'போதும்' என்று சொல்ல, பங்கருக்குள் கையால் மண் தள்ளிய ஒருத்தி இருந்தாள். அக்காவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. கடலைக் கேட்க முடியுமா. நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுத்த படகில் வராத அந்த மனிதரின் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. அடுப்பைத் தணித்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, நானும் அந்த மனிதருக்காகக் காத்திருந்தேன்.