முதுகில் ஒட்டிய மண்

இங்கே சுமோ மல்லர்கள் மின்ரயிலில் நின்றுகொண்டே போகிறார்கள். தோக்கியோவில், சுமோ அரங்கு இருக்கும் ரியோகொக்குப் பக்கம், காலை வேளையில், பருத்தி அங்கியும் மரச் செருப்புமாக ஒரு மலை வந்து என் அருகில் நிற்கிறது. கொண்டையில் பூசிய மெழுகின் இனிப்பு வாசனை பெட்டியை நிறைக்கிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சிவகாசியை விட்டு வந்து இத்தனை வருஷமாகியும் நான் பார்க்கிறேன். என்னைப் போலவே பார்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து, சுமோவுக்கென்று ஆங்கிலத்தில் ஓர் இணைய இதழ் தொடங்கினோம். ஸ்காட்லாந்துக்காரி ஃபியோனா ஆசிரியர். அட்டை என் பொறுப்பு. சிவகாசிக்காரன் என்று சொல்லிவிட்டு வேறு எதைக் கேட்பது?

முதல் இதழுக்குப் படம் தந்தவர் மொரிதா. பெயின்ட் கடை வைத்திருக்கும் பெரியவர். தன் ஊர்க்காரர் என்பதற்காகவே ஒரு மல்லரை இருபது வருஷம் பின்தொடர்ந்தவர். அந்த மல்லர் கீழ்வரிசைகளிலேயே முட்டிமோதி, ஒருநாளும் பத்திரிகையில் முகம் வராமல், கடைசிப் போட்டியிலும் தோற்று ஓய்வு பெற்றார். எழுந்து திரும்பிப் போகும் அவர் முதுகைத்தான் மொரிதா எடுத்திருந்தார். முதுகெல்லாம் மண். நம் ஊரில் தோற்றவன் மண்ணைக் கவ்வுவான். இங்கே முதுகில் சுமந்து போவான். "இவருக்கு வாழ்க்கையில் இது ஒன்றுதான் அட்டை" என்றார் மொரிதா.

படத்தைச் சிவகாசிக்கு, என் மனைவியின் அண்ணன் குமரேசனுக்கு அனுப்பினேன். காலண்டர் அச்சகத்தில் டிசைனர்.

"அச்சடிக்காத பொஸ்தகத்துக்கு எதுக்கு மாப்ளே அட்டை? கட்டாத வீட்டுக்குக் கதவு கேக்கீகளே!"

"பேரை மட்டும் மேல வச்சாப் போதும், மச்சான்."

"மட்டும்னா? ஊரு மானம் போயிரும். நான் பாத்துக்கிடுதேன்."

அவர் வேலை பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே பட்டாசு கம்பெனி வேன்கள் ஆளை இறக்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஏசி அறையில் முருகனுக்கும் நகைக்கடை முதலாளிக்கும் ஒரே கன்னத்தை வைத்துக்கொண்டிருப்பார். அந்த முதலாளியின் இறந்துபோன தகப்பனார் காலண்டரில் வருஷா வருஷம் இளமையாகிக்கொண்டே வருகிறார். மகன் நரைத்துவிட்டார். இன்னும் கொஞ்ச காலத்தில் யார் அப்பா என்று சந்தேகம் வரும்.

அட்டை வந்தது. முதுகு, புளி போட்டுத் தேய்த்த குடம்போல மின்னியது. மண் ஒரு பொட்டுகூட இல்லை. பின்னால் பொன்னொளி வேறு. மொரிதாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலைகுனிந்து வணங்கினார். "அருமை. யார் இவர்?" என்றார்.

அன்று மாலை இதழ் வெளியாக வேண்டும். சிவகாசியைக் கூப்பிட்டேன்.

"மச்சான், அந்த மண்ணு வேணும்."

"அழுக்கையா? எவனாச்சும் அட்டையில போடுவானா?"

"அது தோத்ததுக்கு அடையாளம், மச்சான்."

"தெரியும் மாப்ளே. மூஞ்சியே காட்டாமப் போறாரு, தெரியாதா? தோத்த மனுசன், முதுகையாச்சும் தொடச்சு விடுவோமேன்னு பாத்தேன். மனசு கேக்கல."

ஆனாலும் மண்ணோடுதான் இதழ் வந்தது. மொரிதா அதைத் தன் கடைக் கணினியில் திறந்தபடியே வைத்திருந்தார். பெயின்ட் வாங்க வந்தவர்கள் எல்லோரும் அந்த முதுகைப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் கழித்து, மச்சான் துடைத்த படத்தைப் பற்றி மொரிதா மெதுவாகப் பேச்செடுத்தார். குறை சொல்கிறார் என்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவரும் கேட்டார். மாறிமாறிக் கேட்டு ஓய்ந்த பிறகுதான், அந்தப் படம் அவருக்கு வேண்டும் என்பது விளங்கியது. "அந்த மல்லருடைய அம்மாவுக்கு. காகிதத்தில்."

சேதி சொன்னதும் குமரேசன் மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் படம் மொட்டையாக இருக்கும் என்று, கீழே தமிழ்த் தினசரிக் காலண்டரின் தாள்கட்டும் ஒட்டி அனுப்பிவிட்டார்.

இன்று காலை மொரிதா ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். பனி மூடிய வடக்குக் கிராமத்தில், ஒரு சமையலறைச் சுவரில், மாசில்லாத முதுகோடு மகன். அம்மா தினமும் ஒரு தாளைத் தவறாமல் கிழிக்கிறாராம். பெரிதாக்கிப் படித்தேன். இன்றைய தாள்தான்: மார்கழி, திங்கட்கிழமை, ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. இரண்டாம் இதழ் தயார். விரல் வெளியிடும் பொத்தானில் இருக்கிறது. இங்கே ஒன்பது தாண்டிவிட்டது. சிவகாசியில் இன்னும் விடியவே இல்லை. அங்கே ராகு காலம் இனிமேல்தான். அதுவும் கழியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஃபியோனாவிடம் நெட் சரியில்லை என்று சொல்லியாயிற்று.