ஆரஞ்சு விளக்கும் பத்மஜாவின் புரோகிராமும்

சென்ற மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர் எரர் மெசேஜ் காட்டியது. அதைப் பார்த்து நாங்கள் மூன்று பேர் கை தட்டினோம்.

பயப்படாதீர்கள். மூன்று பேரும் நல்ல புத்தியோடுதான் இருந்தோம். நடந்ததைச் சொல்கிறேன்.

'வாராவாரம் எழுதுகிறீர்களே, மற்ற நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?' என்று கேட்கும் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஹைதராபாத்தில், தார்நாகா பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் விஞ்ஞானிகள் 'மேடம்... மேடம்...' என்று தேடிக்கொண்டு வருவார்களே — அந்த மேடம் நான்தான்.

எங்களிடம் ஒரு பெரிய சர்வர் இருக்கிறது. பார்க்க கனமான இரும்பு டிராயர் மாதிரி இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர் திணறிப்போகும் கணக்குகளை எல்லாம் அசராமல் போடும். அதற்கென்று தனி அறை, எப்போதும் ஏ.சி. மே மாத வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் ஸ்வெட்டரும் கையுமாக அலைவது அந்த அறைக்காகத்தான். சர்வரின் முன்பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் நீல நிறத்தில் சாதுவாக இருக்கும். கோளாறு என்றால் ஆரஞ்சுக்கு மாறி, என்ன கோளாறு என்று ஒரு வரியில் சொல்லும்.

சொன்னால் போதுமா? நமக்குப் புரிய வேண்டாமா... அங்கேதான் கஷ்டம்.

இந்தச் சர்வரை நம்பிப் பிழைப்பவர்களில் ஒருத்தி பத்மஜா. விஜயவாடாப் பெண். ஒரு மருந்து நம் உடம்புக்குள் போய் எந்தப் புரதத்தோடு எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கும் வேலை. நிரந்தர உத்தியோகம் இல்லை. வருடாவருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். வரப்போகிற ரிவ்யூ மீட்டிங்கில் ஏதாவது முடிவைக் காட்டினால்தான் அடுத்த வருடமும் இங்கே இருப்பாள்.

பிரச்சினை என்னவென்றால், அவளுடைய புரோகிராம் ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு நாளில் சர்வர் தானாக அணைந்து, தானாகவே திரும்ப எழுந்திருக்கும். போட்ட கணக்கெல்லாம் போச்சு. திரையில் ஆரஞ்சு. மெசேஜ் எப்போதும் ஒன்றேதான் — 'மெமரி எரர், ஸ்லாட் பி-ஃபோர்.'

மெமரி என்பது ஒரு நீளமான பச்சை அட்டை. சர்வருக்குள்ளே இப்படி நிறைய அட்டைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் செருகி வைக்க ஓர் இடம் உண்டு, அதுதான் ஸ்லாட். பி வரிசையில் நான்காவது ஸ்லாட்டில் கோளாறு என்கிறது மெஷின். அவ்வளவுதானே? சர்வர் விற்ற கம்பெனிக்கு போன் செய்தேன். கலீல் வந்தார்.

கலீல் அந்தக் கம்பெனியின் இன்ஜினியர். கச்சிபௌலி டிராஃபிக்கில் பைக்கை ஓட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பெருமூச்சு விட்டுக்கொண்டு வருவார். ஆம்பூர்க்காரர் என்பதால் எங்களுக்குள் தமிழ்தான். புது அட்டையை மாற்றினார். திரை நீலமானது. டீ குடித்துவிட்டுப் போனார்.

மறுவாரம் ஆரஞ்சு. மறுபடி பி-ஃபோர். மறுபடி புது அட்டை. மறுபடியும்... ஆமாம், அதேதான்.

இதற்குமேல் கம்பெனிக்குப் பொறுமை இல்லை. அவர்களுடைய டெஸ்ட் புரோகிராமைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் நலம் என்று அது சொல்லிவிட்டது. பார்ட் மாற்றியாயிற்று, ஹார்ட்வேரில் குறை இல்லை, உங்கள் சாஃப்ட்வேரைப் பாருங்கள் என்று மெயில் போட்டுவிட்டார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவர் சேஷாத்ரி அந்த மெயிலைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். இதே ஊரில், போலாரத்தில் வளர்ந்த நான் அவசரத்தில் 'வேண்டாம்' என்பதற்கு ஹைதராபாத் வழக்கில் 'நக்கோ' என்று சொல்லிவிட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. சர்வரில் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள், வேறு யாருக்காவது இப்படி ஆகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து பத்மஜாவின் புரோகிராமை அந்தச் சர்வரில் ஓட்டக் கூடாது, அவள் கணக்கைச் சின்னதாக்கி வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளட்டும் என்று முடித்துவிட்டார்.

அநியாயம் என்று சொல்ல முடியுமா? அவள் ஓட்டினால் மெஷின் விழுகிறது. ஓட்டாவிட்டால் விழுவதில்லை. அவர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கணக்கைச் சின்னதாக்கினால் பத்மஜாவின் ஆராய்ச்சியில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. புரதத்தில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு மருந்து எங்கே ஒட்டுகிறது என்று தேடுவது எப்படி?

அதற்குள் ஆபீஸிலும் அவள் பெயர் கெட்டுப்போயிருந்தது. "உன் புரோகிராமை என்னைக்கு ஓட்டப்போற? சொல்லிடு, அன்னைக்கு நான் லீவ் போட்டுக்கறேன்" என்று கேன்டீனில் ஒருவர் தமாஷ் செய்ய, இவளும் சேர்ந்து சிரித்தாளாம். அடுத்த நாளிலிருந்து கேன்டீன் பக்கமே வரவில்லை. வாரக்கணக்காக அந்தப் புரோகிராமை எழுதுவதும் அழிப்பதும் திரும்ப எழுதுவதுமாக இருந்தாள். ஒருநாள் என் மேஜைக்கு வந்து, பெரிய கணக்கை விட்டுவிடப் போவதாகத் தெலுங்கில் மெதுவாகச் சொன்னாள்.

"என் புரோகிராம்லதான் எங்கேயோ தப்பு இருக்கு அக்கா. அதைக் கண்டுபிடிக்கக்கூட எனக்குத் தெரியல."

எனக்கு அது என்னவோ போல் இருந்தது. ஒரு புரோகிராமில் தப்பு இருந்தால் அந்தப் புரோகிராம் சாகும். மெஷினே எதற்கு விழ வேண்டும்? விழுந்தாலும், ஒவ்வொரு முறையும் ஏன் அதே பி-ஃபோரை மட்டும் காட்ட வேண்டும்?

மறுநாள் காலை. இட்லிக்குச் சட்னி அரைக்கும்போது மிக்ஸி நின்றுவிட்டது. என் கணவர் மிக்ஸியைத் திறக்கவுமில்லை, தட்டவுமில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் டிவி பக்கத்து பிளக்கில் செருகினார். ஓடியது. மிக்ஸி நன்றாகத்தான் இருக்கிறது, சமையலறை பிளக் பாயின்ட்தான் போய்விட்டது என்று சொல்லிவிட்டு, சட்னியை ஹாலிலேயே அரைத்து முடித்தார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சர்வரில் அட்டையை மாற்றி மாற்றிப் போட்டோமே... ஒரு தடவையாவது இடத்தை மாற்றிப் பார்த்தோமா?

கம்பெனி கைவிரித்த பிறகும் நான் விடாமல் கேட்டதால், கலீல் கடைசியாக ஒருமுறை வரச் சம்மதித்திருந்த நாள் அன்று. இன்னொரு புது அட்டையோடு வந்தார். அதைப் பெட்டிக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டு என் யோசனையைச் சொன்னேன். பி-ஃபோரில் இருக்கும் அட்டையை எடுத்து ஏ-ஒன்னில் போடுவோம். ஏ-ஒன்னில் இருப்பதை பி-ஃபோரில் போடுவோம். குறை அட்டையில் இருந்தால், அடுத்த எரர் ஏ-ஒன் என்று வரும். அப்போதும் பி-ஃபோர் என்றே வந்தால்?

கலீல் தலையை ஆட்டினார். "அப்ப அட்டை மேல தப்பு இல்ல மேடம். அது உக்கார்ற இடத்துல இருக்கு."

மெஷின் சொல்லும் பார்ட்டைத்தான் மாற்ற வேண்டும், அதைத் தாண்டி எதையாவது தொட ஆதாரம் கேட்பார்கள் என்பது அவர் கம்பெனியின் சட்டமாம். அந்த ஆதாரத்தை நாமே தயார் செய்துவிடலாம் என்றேன். ஆனால் எரரை வரவழைக்க மெமரி முழுவதையும் நிரப்பும் ஒரு வேலையை அதற்குக் கொடுக்க வேண்டுமே என்றார் அவர். யாருடைய வேலை அவ்வளவு பெரியது? இருவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

இந்தச் சர்வருக்கு இரண்டு மூளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ வரிசை மெமரி முதல் மூளைக்கு, பி வரிசை இரண்டாவது மூளைக்கு. மற்றவர்களின் கணக்குகள் எல்லாம் ஏ வரிசையிலேயே முடிந்துவிடும். ஏ முழுவதையும் நிரப்பி, பி வரிசைக்குள் போய், அதன் கடைசி மூலை வரை தொடுகிற கணக்கு ஒன்றே ஒன்றுதான்.

பத்மஜாவுடையது.

அதாவது, இத்தனை நாளும் பி-ஃபோர் வரைக்கும் போனதே அவள் ஒருத்திதான். பள்ளம் அங்கே இருந்தால் வேறு யார் விழுவார்கள்?

நேராக சேஷாத்ரியிடம் போனேன்.

"சார், பத்மஜாவோட புரோகிராமை இன்னிக்கு ஓட்டணும்."

"அதைத்தானே நிறுத்தச் சொன்னேன்?"

"ஹவ் சார், ஆமா. ஆனா மெஷினை டெஸ்ட் பண்றதுக்கு நம்மகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மொத்தக் கதையையும் சொன்னேன், மிக்ஸி உட்பட. மிக்ஸி வந்ததும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. சாயந்திரம் வரைக்கும் ஓட்டிக்கொள்ளுங்கள், அதற்குள் எதுவும் தெரியாவிட்டால் என் முடிவு முடிவுதான் என்றார்.

கலீல் அட்டைகளை இடம் மாற்றினார். பத்மஜா எடுத்த எடுப்பிலேயே மெமரி முழுவதும் நிரம்புகிற மாதிரி புரோகிராமைத் திருத்தி ஓடவிட்டாள். பிறகு மூன்று பேரும் அந்தக் குளிர் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சின்ன நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுகிறதா... விழுகிறதா என்று. மெஷின் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது என் சர்வீஸில் அதுதான் முதல் முறை.

மதியம் அறைக்கு வெளியே வந்து சாப்பிட்டோம். பத்மஜாவின் டப்பாவிலிருந்த கோங்குரா பச்சடியை நானும் கலீலும்தான் தீர்த்தோம். அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஒருவேளை இன்றைக்குப் பார்த்து எரரே வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். வரும் என்றேன். சொல்லிவிட்டு நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

டீ நேரம். மின்விசிறிகளின் சத்தம் சட்டென்று மாறியது. சர்வர் அணைந்து, திரும்ப எழுந்தது. திரை ஆரஞ்சு.

மூன்று தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன.

'மெமரி எரர், ஸ்லாட் பி-ஃபோர்.'

அப்போதுதான் அந்தக் கைதட்டல். பி-ஃபோரில் இப்போது இருப்பது ஏ-ஒன்னிலிருந்து வந்த அட்டை. இத்தனை நாளும் ஒரு வம்புக்கும் போகாதது. பழைய அட்டையோ ஏ-ஒன்னில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அட்டை மேல் குற்றமில்லை. புரோகிராம் மேல் நிச்சயமாக இல்லை.

"எரர் வந்ததுக்கு நான் சந்தோஷப்படறேன் அக்கா" என்று பத்மஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கலீல் திரையை ஒரு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பி, அனுமதி வாங்கினார். பி பக்கத்து மூளையை, அதாவது பிராசஸரை, அலுங்காமல் கழற்றி எடுத்தார். அது உட்காரும் சதுரத்தில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய கம்பிகள், பிரஷ் மயிர் மாதிரி. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மொபைலில் டார்ச்சைப் போட்டு, கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் காட்டினார்.

எல்லாக் கம்பிகளும் ஒரே சாய்வில் நிற்க, ஒரு கம்பி மட்டும் வளைந்து பக்கத்துக் கம்பியின் மேல் சாய்ந்திருந்தது. ஓர் எறும்பின் கால் அளவுகூட இருக்காது. பி-ஃபோருக்குப் போகும் வழி அதுதானாம். யார் வளைத்தார்கள், எப்போது வளைந்தது என்று யாருக்கும் தெரியாது. மெஷின் பிறந்ததிலிருந்தே அப்படி இருந்திருக்கலாம்.

பத்மஜா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். தன் மொபைலுக்கும் அனுப்பச் சொன்னாள்.

சேஷாத்ரி தாமே சர்வர் அறைக்கு வந்தார். ஸ்வெட்டர் இல்லாமல் நடுங்கிக்கொண்டே படத்தைப் பார்த்தார். "இதுக்காகவா இந்தப் பொண்ணைப் போயி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, "முழுசாவே ஓட்டும்மா. ரிவ்யூவைத் தள்ளி வைக்கச் சொல்லி நான் பேசறேன்" என்றார்.

சொன்னபடி பேசினார். இரண்டொரு நாளில் கலீல் புது மதர்போர்டோடு, அதாவது அந்தக் கம்பிச் சதுரம் இருக்கும் அடிப்பலகையோடு, வந்து மாட்டிக் கொடுத்தார். பத்மஜாவின் கணக்கு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. திரை நீலத்திலிருந்து அசையவில்லை. இந்த வாரம் ரிவ்யூ முடிந்தது. அவளுக்கு இன்னொரு வருடம் கிடைத்திருக்கிறது. அந்த மீட்டிங்கில் சேஷாத்ரி எல்லோருக்கும் முன்னால் சொன்னாராம் — இத்தனை பேரில் அந்தச் சர்வரை முழுசாக உபயோகப்படுத்தியது பத்மஜா ஒருத்திதான், அதனால்தான் அதன் குறையும் தெரியவந்தது என்று. கேன்டீனில் தமாஷ் செய்தவர் அவளுக்கு இரானி டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

யோசித்துப் பார்த்தால், சர்வர் அறையில் மட்டுமா இப்படி நடக்கிறது? சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று முதலில் சொல்வது யார்? சமைக்கிறவர்தான். ஹாலில் உட்கார்ந்திருக்கும் நாம் உடனே என்ன கேட்கிறோம்? — 'நீ ஏன் அதை அப்படித் திருகுகிறாய்?'

நேற்று பத்மஜா லேப்டாப்போடு என் மேஜைக்கு வந்தாள். பழி விழுந்த அந்த வாரங்களில் பயந்து பயந்து புரோகிராமுக்குள் சேர்த்த வரிகளை எல்லாம் உற்சாகமாக அழித்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் மட்டும் கை நின்றது. அதுவரை போட்ட கணக்கை அவ்வப்போது பத்திரமாக எடுத்து வைக்கும் வரிகள் அவை. மெஷின்தான் சரியாகிவிட்டதே, இதையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அது மட்டும் இருக்கட்டும் என்றேன். தப்பு நம் மேல் இல்லாவிட்டாலும், அடிக்கடி சேவ் செய்துகொள்வது நல்லதுதானே!