போஞ்சி வேரில் விழுந்த முடிச்சு

எனக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஆனால் அன்று கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், மாமியார் ஆசையோடு நீட்டிய போஞ்சிச் செடிகளைப் பார்த்தபோது கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

செடிகள் அழகாகத்தான் இருந்தன. வேர்களை மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் அலசி, தலைசீவி விட்டதுபோல வைத்திருந்தார். ஒன்றில்கூட முடிச்சு இல்லை. நான் பஸ் பிடித்து வந்ததோ அந்த முடிச்சுகளுக்காக.

போஞ்சி என்கிற பீன்ஸ் செடியின் வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். அவற்றுக்குள் குடியிருக்கும் பக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி அவற்றுக்குச் சாப்பாடு போடும். எந்த மண்ணில் எந்த இனம் இருக்கிறது என்று மரபணுக்களின் எழுத்து வரிசையை வைத்துப் பிரிப்பதுதான் என் ஆராய்ச்சி. முந்தின வருடம் மாமியின் லயத்துக்குப் பின்னாலிருக்கும் பாத்தியிலிருந்து ஒரு முடிச்சைக் கொண்டுபோயிருந்தேன். அதிலிருந்து வளர்த்த பக்டீரியா, எல்லாரும் முதலில் பார்க்கிற மரபணுவில் தெரிந்த கூட்டத்தோடு சமர்த்தாகச் சேர்ந்து நின்றது. இன்னும் சில மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தால், கணினி வரைந்த உறவு மரத்தில் தனிக் கிளையாகப் பிரிந்துவிட்டது; இதுவரை யாரும் அறியாத புது இனமாக இருக்கலாம். அன்று ஆய்வுகூடத்தில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். நாடெல்லாம் மின்வெட்டு வந்தது. குளிர்ப்பெட்டியில் இருந்த என் பக்டீரியா செத்துப்போனது. பேராசிரியர் கைவிரித்துவிட்டார். "இருந்ததே ஒன்று, அதுவும் உயிரோடு இல்லை. யார் நம்புவார்கள்? இன்னொன்று கிடைத்தால் எழுது, இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை விட்டுவிடு" என்றார். அதை விட்டால் என் ஆய்வேட்டில் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. அதனால்தான் அதே பாத்தியில் உரம் போடாமல் போஞ்சி விதைக்கச் சொல்லியிருந்தேன்.

"மற்றச் செடியெல்லாம் எங்க மாமி?"

"அடுப்புல வச்சிட்டேன் புள்ள. அம்புட்டும் நோவு புடிச்சது. வேரு பூராவும் முடிச்சு முடிச்சா இருந்துச்சு."

மாமி வேலை செய்த காலமெல்லாம் தேயிலைக் கன்று வளர்க்கும் தவரணையில் நின்றவர். அங்கே கன்றின் வேரில் முடிச்சு விழுந்தால் புழு நோய். பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

"ஐயோ, அந்த முடிச்சுக்காகத்தானே மாமி நான் வந்தனான்!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"நோவு புடிச்ச வேர கொண்டு போனா, அந்தப் பெரிய எடத்துல ஒன்னய என்னா நெனப்பாங்க? தோட்டத்துல வாக்கப்பட்டவதானேன்னு பேச மாட்டாங்களா?"

நான் யாழ்ப்பாணத்துக்காரி. கல்யாணமான நாளிலிருந்து மாமி என் முன்னால் கொஞ்சம் ஒடுங்கித்தான் இருப்பார். மாமனார் இல்லை, என் கணவர் கட்டாரில். அந்த லயத்து அறையில் தனியாக உட்கார்ந்து, எனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு வேராகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். இவரிடம் நான் எப்படிக் கோபப்படுவது? பரவாயில்லை என்று சொல்லி, அந்தச் சுத்தமான செடிகளை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு எழுதத் தொடங்கியிருந்த ஒரு காலையில், பல்கலைக்கழக வாசல் காவலர் போன் எடுத்து, உங்கள் அம்மா வந்திருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னார். என் அம்மா யாழ்ப்பாணத்தில். என்னவோ ஏதோ என்று பதறி ஓடினேன். மாமி நின்றார். அதற்கு முன் அவர் தனியாக ரயிலேறியதே இல்லை. மடியில் அணைத்துக் கொண்டுவந்த பால்மா டின்னுக்குள், மண்ணோடு போஞ்சிச் செடிகள்.

"மறுபடி வெதச்சேன். முடிச்சு விழுந்ததா பாத்து எடுத்தாந்திருக்கேன். கழுவல, அப்புடியே இருக்கு."

வாசலிலேயே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டின் எங்கள் இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

முடிச்சிலிருந்து பக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, மரபணுக்களின் வரிசை வந்து சேரும்வரை தினமும் போன் வரும். "தெரிஞ்சிருச்சா?" என்பார். நோயாளியைப் பற்றி விசாரிக்கிற குரல் அது. வரிசை வந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைக்கே போய்விட்டேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறவு மரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் கூட்டங்கூட்டமா இருக்கு. இது மட்டும் ஏன் ஒதுங்கி நிக்குது?"

"அதுதான் மாமி எங்கட பாத்தியில இருந்தது. முந்தி அந்தக் கிளையில ஒண்டுதான். நீங்க கொண்டுவந்ததும் அதுக்குப் பக்கத்திலயே வந்து நிக்குது. இப்ப ரெண்டு."

மாமி திரையில் அந்த இரண்டு நுனிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப சரி. ரெண்டு பேரு இருந்தா சமாளிச்சுக்கலாம்" என்றார்.

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.