ஒருக்களித்து ஓடிய கார்

போன மாதம் என் காருக்குப் பின்பக்க ஸ்பிரிங் மாற்றினேன். வண்டியை எடுக்கப் போனால் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாக நின்றது. சொன்னேன். பணிமனை இளைஞர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றார். இந்த வாக்கியத்தை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. சொன்னவர் என் தாய்மாமா. அப்போதும் அது தானாக செட் ஆகவில்லை.

விழுப்புரத்தில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். பழைய அம்பாசிடர். அதற்கு முன் அதை வைத்திருந்தவர் மனிதர்களைவிட மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகளையே அதிகம் ஏற்றியிருக்க வேண்டும். பின்பக்கம் எப்போதும் தரையில் உட்காரப் போகிற மாதிரியே இருக்கும். எங்களுக்கு அது உறுத்தவில்லை. அத்தைக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தபோதுதான் உறுத்தத் தொடங்கியது. கல்யாணம் அவர்கள் ஊரில். முதல் நாள் மாலை பெண்ணோடு போய் இறங்க வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று அப்பா, யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று, "என் தங்கச்சி என் கார்லதான் வந்து இறங்குவா" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குத் திரும்பியதும் போய் காரை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றிவிடலாம் என்றார்.

வேலையை மாமா எடுத்துக்கொண்டார். மாமா கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. ஆனால் உரம், கடன் எல்லாம் அவருக்கு வயிற்றுப்பாடு மட்டுமே, மனசெல்லாம் மோட்டாரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலிலேயே வேலையில் இறங்கினார். வலது பக்கப் பட்டையை நிதானமாக மாற்றி முடித்தபோது மணி நாலு. இடது பக்கத்தைத் தூக்கியபோது அம்மா கடிகாரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நாலரைக்கு ராகு காலம். கல்யாண வண்டியின் கடைசி போல்ட் அதற்குள் முடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அவள் உத்தரவு. மாமா வியர்த்துக் கொட்ட முடுக்கினார். நாலரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. அதன் பிறகு சாவகாசமாக ஜாக்கியை இறக்கினார்.

வண்டி இறங்கியது. வலது பக்கம் ஒழுங்காக இறங்கியது. இடது பக்கம் மட்டும் இரண்டு விரற்கடை உயரத்திலேயே நின்றுவிட்டது.

"ஓட ஓட செட் ஆயிடும், மாமா" என்றார் மாமா. அவருக்கு அப்பா மாமா, எனக்கு அவர் மாமா. எங்கள் வீட்டில் மாமாக்களுக்குப் பஞ்சமில்லை.

ஓட்டிப் பார்த்தோம். செட் ஆகவில்லை. மறுநாள் முழுக்க மாமா நடத்திய ஆராய்ச்சிக்கு ஒரு முனைவர் பட்டமே கொடுக்கலாம். டயர் காற்றைப் பார்த்தார். தெரு சாக்கடைப் பக்கம் சரிவு என்றார். வண்டியைத் திருப்பி நிறுத்தினோம், அப்போதும் அதே பக்கம்தான் சாய்ந்தது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்தார். கடைசியில் குரலைத் தணித்துக்கொண்டு, சாய்வது டிரைவர் பக்கம் என்பதை அப்பா கவனிக்க வேண்டும், எடை அந்தப் பக்கம்தானே அதிகம் என்றார்.

"நான் இறங்கி நின்னுக்கினுதான்டா மச்சான் பாக்கறேன்" என்றார் அப்பா.

நான் இந்தக் கதைக்குள் ஏறியது அப்போதுதான். பள்ளியில் எனக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது ஒரு தானியச் சேமிப்புக் கலத்தின் பெயர் என்பது போதும். ஏதோ காரணமாக நான் பின்சீட்டில் இடது ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்தேன். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நேரானது. மாமா தரையில் உட்கார்ந்து பார்த்தார். என்னை இறங்கச் சொன்னார். ஏறச் சொன்னார். பிறகு எழுந்து என் முதுகில் தட்டினார். அதுவரை காரில் எனக்கு இடம் என்று ஒன்று இருந்ததில்லை, யாராவது ஒருவர் மடிதான். என் எடையைத் தாங்கிய மடிக்காரர்கள் அதைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஜன்னல் எனக்குச் சொந்தம். அம்மா தட்டில் கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள். என் உடம்பால் குடும்பத்துக்கு ஒரு பிரயோசனம் இருந்த காலம் அது ஒன்றுதான்.

அந்தப் பெருமை திண்டிவனத்தில் போனது. செவ்வாய்க்கிழமை, விட்டுப்போன பத்திரிகைகளைக் கொடுக்க அப்பாவும் மாமாவும் நானும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் சித்தப்பா வாசலில் நின்றிருந்தார். லாரி வைத்திருப்பவர், எந்த வண்டியையும் முதலில் சக்கரத்திலிருந்துதான் பார்ப்பார். வண்டி நேராகப் போய் நின்றது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. அவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் கோலி சோடா கொண்டுவந்தான். எனக்கு முதல் நாள் சொல்லியிருந்தது, என்ன நடந்தாலும் இறங்கக் கூடாது என்பதுதான். ஆனால் அது பன்னீர் சோடா. நான் இறங்கினேன். என் பின்னால் வண்டி முனகிக்கொண்டே இடது பக்கம் எழுந்தது.

சித்தப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன சம்பந்தி, வண்டி ஒருக்களிச்சிப் படுத்துக்கினு இருக்குது? நாளைக்கு ரெண்டு மணிக்கு நம்ம வண்டி உங்க வாசல்ல நிக்கும். பொண்ண அதுல ஏத்தி அனுப்புங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகச் சொன்னார். அதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஹாரனே அடிக்கவில்லை. நான் சோடாவை முழுதாகக் குடிக்கவும் இல்லை.

வீட்டில் அத்தையிடம் மாமாதான் சொன்னார். அத்தை கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தன் துணிகளை அவளேதான் தைப்பாள். ஊசியைக் கீழே வைக்காமலே அப்பாவைப் பார்த்து, "அவங்க வண்டியில ஏறினேன்னா, அண்ணே, அப்பறம் எதுக்கெடுத்தாலும் 'நாங்க போய் ஏத்திக்கினு வந்த பொண்ணு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நான் நம்ம வண்டியிலதான் வருவேன். சாஞ்சாலும் பரவால்ல" என்றாள். சாயக் கூடாது என்றார் அப்பா.

புதன்கிழமை வந்தது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அதற்குப் பிறகு கிளம்ப வேண்டும். இரண்டு மணிக்கு அவர்கள் கார் வந்துவிடும். சீர்ப் பாத்திரங்களெல்லாம் கூடத்தில் அடுக்கியிருந்தன, எல்லோரும் அலங்காரத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தோம். அத்தை பட்டுப்புடவையோடு வாசலுக்கு வந்து காரைப் பார்த்தாள். மாமாவிடம், வலது பக்கத்துக்குச் செய்த எதை இடது பக்கத்துக்குச் செய்யவில்லை என்று கேட்டாள்.

எல்லாம் ஒன்றுதான் என்றார் மாமா. பட்டையின் இரு முனையிலும் ரப்பர் புஷ், அதன் நடுவே போல்ட். வலது பக்கம் மாட்டினோம், இறக்கினோம், முடுக்கினோம். இடது பக்கமும் மாட்டினோம், முடுக்கினோம், இறக்கினோம்...

அங்கே மாமா நின்றுவிட்டார்.

"அந்தரத்துல தொங்கும்போதே முடுக்கிட்டீங்க" என்றாள் அத்தை. "கையத் தூக்கி வெச்சிக்கினு அளவெடுத்த ரவிக்க மாதிரி. கைய இறக்கினா இழுக்காம என்ன பண்ணும்?"

விஷயம் அவ்வளவுதான். ராகு காலத்துக்குப் பயந்து, சக்கரம் தொங்கிய நிலையிலேயே முடுக்கியதில், ரப்பர் அந்த நிலையையே உண்மை என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பாரம் இறங்கியபோது முறுக்கிக்கொண்டு எதிர்த்தது. அவிழ்த்துவிட்டு, வண்டி தரையில் பாரத்தோடு நிற்கும்போது முடுக்க வேண்டும். மாமா ஸ்பேனரோடு பாய்ந்தார். அம்மா குறுக்கே நின்றாள். ராகு காலத்தில் வண்டியைத் தொடக் கூடாது.

"அண்ணி, அவுக்கறதுக்கு எந்த நேரமா இருந்தா என்ன?" என்றாள் அத்தை. "முடுக்கறத ஒன்ரைக்கு மேல முடுக்கட்டும்."

அம்மா யோசித்துப் பார்த்தாள். சாஸ்திரத்தில் அதற்குத் தடை எதுவும் தெரியவில்லை. வழிவிட்டாள். மாமா புது வேட்டியோடு காருக்கு அடியில் போனார். போல்ட் தளர்ந்ததும் வண்டி களுக்கென்று இடது பக்கம் இறங்கியது, என்னை ஏற்றாமலேயே.

ஆனாலும் ஏற்றினார்கள். போகும் பாரத்தோடேயே முடுக்க வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா ஸ்டீயரிங்கில். பின்னால் அம்மா, நடுவில் அத்தை, இடது ஜன்னலில் நான். அடியில் படுத்திருந்த மாமாவுக்குப் பதிலாக முன்சீட்டில் அரை மூட்டை மல்லாட்டை. ஒல்லி மனிதர், முழு மூட்டைக்கு வர மாட்டார். தெருவே வந்து நின்று பார்த்தது. கல்யாணப் பெண்ணை உள்ளே வைத்து ஒரு கார் நகராமல் நிற்பதை அவர்கள் பார்த்ததில்லை. ஒன்றரை அடித்ததும் அம்மா ஜன்னல் வழியாகக் குனிந்து, "முடுக்குடா தம்பி" என்று உத்தரவு கொடுத்தாள். மாமா முடுக்கிவிட்டு வெளியே வந்தபோது வேட்டி இருந்த நிறத்துக்குப் பெயர் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அவர் ஏறினார்.

சரியாக அப்போது தெருமுனையில் அவர்கள் அனுப்பிய வெள்ளைக் கார் திரும்பியது. அப்பா கண்ணாடியை இறக்கி, வந்ததற்கு டிரைவருக்கு நன்றி சொல்லி, கூடத்தில் இருக்கும் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு பின்னால் வரச் சொன்னார்.

விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி, திண்டிவனம் வரை அப்பா ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் நின்றது. சித்தப்பா காரை ஒரு சுற்று வந்தார். குனிந்து இரண்டு சக்கரத்துக்கு மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "தம்பி, நீ இறங்கு" என்றார். எல்லோரும் பார்க்க நான் மெதுவாக இறங்கினேன். வண்டி அசையவில்லை, முனகவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, அத்தை இறங்க அந்தக் கதவைத் தானே அகலத் திறந்து பிடித்தார். அப்பா அன்று நடந்த நடையை நான் அதன் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் கல்யாணம் முடிந்து சாயங்காலம் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது அப்பா இறங்கிப்போய் வண்டிக்குப் பின்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"மச்சான், லேசா சாயற மாதிரி இல்ல?"

மாமா குனிந்து இரண்டு பக்கமும் விரல் வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். வாதத்தில் எவருக்கும் விட்டுக்கொடுக்காத மாமா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓட ஓட செட் ஆயிடும், மாமா" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊரே பார்க்க ஜெயித்த வண்டி, நேராக நிற்கும் வண்டி, அதை மாமா ஏன் சாய்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்? காரில் ஏறியதும் அம்மாவிடம் கேட்டேன். வரும்போது அத்தை உட்கார்ந்திருந்த, இப்போது காலியாக இருந்த இடத்தைக் கையால் தட்டிய அம்மா, "இங்க நடுவுல வந்து உக்காருடா" என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தேன். அதுவும் எடைக் கணக்குதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.