இலைக் குவியலுக்குள் கார்த் திறப்பு

டொரொன்டோவிலிருந்து அண்ணை செவன் கிங்ஸில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது தெரு மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை அதிசயமாக என் கணவருக்கு ஷிப்ட் இல்லை. இறைச்சி ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு, மகள்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு எப்பிங் காட்டுக்குப் புறப்பட்டோம்.

முன் சீற்றில் இருந்த அண்ணைக்கு ஒரு மரமும் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு நிறமே? எங்கட பக்கம் வந்து பாருங்கோ. மலையே பத்தி எரியிற மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன் மாமா இங்க வந்தனீங்கள்?" என்றாள் எட்டு வயதுச் சின்னவள். பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காட்டோரத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினோம். பீச் மரங்கள் செம்பு நிறத்தில் நின்றன. காற்று ஒருமுறை உலுப்ப, வெயிலோடு சேர்ந்து இலைகள் எங்கள் தலையில் கொட்டின. அண்ணை வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள்கள் இலைகளைக் காலால் தள்ளித் தள்ளி இடுப்பளவு குவித்தார்கள்.

"ஈரம் பிள்ளையள், உடுப்பெல்லாம் பழுதாப் போகும்" என்றார் என் கணவர். காட்டுக்கு வருவதற்கும் காற்சட்டையை அயர்ன் பண்ணிப் போடுகிற மனிதர். அவர் சொல்லி முடிப்பதற்குள் அண்ணை கூவிக்கொண்டு ஓடிப்போய்க் குவியலுக்குள் விழுந்தார். வயிறு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

"மச்சான், மெத்தை மாதிரி இருக்கு! வாரும்!"

என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தார். எதற்கென்று நான் கேட்பதற்குள் அவரும் ஓடினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து ரயிலைப் பிடிக்க மட்டும்தான் அவர் ஓடி நான் கண்டிருக்கிறேன். பிறகு நான் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? கண்ணாடியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு நானும் பாய்ந்தேன். வாய்க்குள் இலை, சட்டைக்குள் இலை. மூச்சு வாங்க வாங்க எழும்பி, திரும்பவும் பாய்ந்தோம்.

திடீரென்று என் கணவர் பொக்கற்றைத் தடவினார்.

"கார்த் திறப்பைக் காணேல்ல."

எல்லோரும் முழங்காலில் நின்று சாவியைத் தேடினோம். கிளற ஒரே இலையாக வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிக்காதையுமப்பா, எப்பிடி வீட்டை போறது?" என்ற என் கணவருக்கே பாதியில் சிரிப்பு வெடித்தது.

மூத்தவள்தான் வழி சொன்னாள். "எல்லாரும் மிதியுங்கோ. பட்டன் அமத்துப்பட்டா கார் லைற் மின்னும். நான் பாக்கிறன்."

நாங்கள் நால்வரும் குவியலில் ஏறி நின்று குதித்தோம். நாயோடு வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி நின்று பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கைத்தடியைத் தன் கணவரிடம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு தானும் மிதிக்கத் தொடங்கினார். நாய் எங்களைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது.

"மின்னுது! மின்னுது!" மூத்தவள் கத்தினாள். "ஒருத்தரும் அசையாதேங்கோ!"

சிலையாக நின்றோம். அண்ணை ஒற்றைக் காலைத் தூக்கியபடி ஆடினார். "கெதியாப் பாருங்கோ, எனக்கு இப்பிடி நிக்க ஏலாது!"

அவருடைய மற்றக் காலுக்குக் கீழே கைவிட்டு, சின்னவள் திறப்பை இழுத்து எடுத்தாள். அந்த அம்மா கைதட்டினார். அவருக்கும் கணவருக்கும் ரோல்ஸ் கொடுத்தேன். உறைப்பில் கண் கலங்கியும் அந்த அம்மா இன்னொன்று கேட்டு வாங்கினார்.

என் கணவர் திறப்பைக் கையில் வைத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"கவனமா வைச்சிரும். நான் இன்னொருக்கா பாஞ்சிட்டு வாறன்."